மல்லாவியிலிருந்து கிளிநொச்சிக்கு: பால் பம்போடு எனது அனுபவம்

போன கிழமை முள்ளியவளையிலிருந்து சித்தியின் மகள் போன் எடுத்தாள். அவளுக்கு இது ஏழாம் மாதம், முதல் பிள்ளை. "அக்கா, பால் எடுக்கிற பம்ப் ஒண்டு இப்பவே வாங்கி வைப்பம் எண்டு இருக்கிறன். கடையில கரண்டில ஓடுறதைத்தான் எடுக்கச் சொல்லுறாங்கள். நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டாள். அரை மணித்தியாலம் கதைத்தும் முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவளைப்போல வேலைக்குத் திரும்பப்போகிற வேறு பிள்ளைகளுக்கும் உதவட்டும்.

எனக்கு வீடு மல்லாவியில், வேலை கிளிநொச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். விடிய ஆறரைக்கு பஸ் ஏறினால் வீடு திரும்ப மாலை ஐந்தரை ஆகும். மூத்தவள் 2021 கார்த்திகையில் பிறந்தாள், இளையவன் 2024 ஆடியில். இருவருக்கும் ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். அதற்குப் பிறகும் சோற்றோடு சேர்த்துக் கொடுத்தேன். 84 நாள் லீவு முடிந்து போகும்போது இருவருமே நான்கு மாதம் நிரம்பாத பிள்ளைகள். அந்தப் பத்துப் பதினொரு மணித்தியால இடைவெளியைக் கடக்கத்தான் எனக்குப் பம்ப் தேவைப்பட்டது. வீட்டோடு இருக்கிற தாய்க்கு, பிள்ளை நன்றாகக் குடிக்கிறது என்றால், பம்ப் தேவையே இல்லை. இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

பிள்ளை பிறக்குமுன்னமே என் வீட்டுக்கு இரண்டு பம்புகள் வந்துவிட்டன, இரண்டும் உதவவில்லை. ஒன்று அம்மா பாமசியில் வாங்கியது. கண்ணாடிக் குழாயின் நுனியில், சைக்கிள் ஹோர்னில் இருப்பதுபோல ஒரு றப்பர் குமிழ். கிளினிக்கில் மருத்துவமாது அதைக் கண்டதும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை வைச்சுக்கொள்ளாதேங்கோ. பால் குமிழுக்குள்ள போகும், அதைக் கழுவேலாது. எவ்வளவு இழுக்குது எண்டும் தெரியாது, காம்பைப் புண்ணாக்கிப்போடும்" என்றார். இன்னும் சில கடைகளில் இந்தச் சாமான் இருக்கிறது. விலை குறைவு என்று தயவுசெய்து எடுக்க வேண்டாம்.

மற்றது ரொறன்ரோவிலிருந்து மச்சாள் அனுப்பியது. தன் பிள்ளைக்குப் பாவித்த, நல்ல விலையான கரண்ட் பம்ப். அன்போடு அனுப்பியது, அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதில் இரண்டு சிக்கல். அங்கே கரண்ட் 120 வோல்ட், எங்களுக்கு 230. அடப்டரில் 100–240 என்று எழுதியிருந்தால் புளக்கை மட்டும் மாற்றிப் பாவிக்கலாம். அதில் 120 மட்டும்தான் எழுதியிருந்தது. அதைப் பார்க்காமல் குத்தினோம், அடப்டர் கருகிவிட்டது. இரண்டாவது இதைவிட முக்கியம். குழாய்க்குள் காய்ந்த பாலின் அடையாளம் இருந்தது. சில பம்புகளில் பாலுக்கும் மோட்டருக்கும் நடுவில் தடுப்பு இருக்காது. பால் குழாய் வழியே மோட்டர் வரைக்கும் போகும், அங்கே கழுவவோ அவிக்கவோ வழியில்லை. ஒரு தாய் பாவித்த அப்படியான பம்பை இன்னொரு தாய் பாவிக்கக்கூடாது. வெளிநாட்டுச் சொந்தங்கள் கேட்டால், புதிதாக, தடுப்புச் சவ்வு உள்ள மூடிய அமைப்பில், 230 வோல்ட்டுக்கும் பொருந்துகிற அடப்டரோடு வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் மார்பு இன்னும் நிரம்பவில்லை. எனக்குப் பால் இல்லையோ என்று அம்மா பதறினா. தாதி ஒருவர் கட்டிலில் வந்து இருந்து கையால் எடுக்கப் பழக்கினார். பெருவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பைச் சுற்றியிருக்கிற கருவட்டத்தின் ஓரத்தில். முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து, விட்டு, திரும்பவும். தோலில் இழுத்துத் தேய்க்கக்கூடாது. மஞ்சளாய்த் தடித்த சீம்பால் சொட்டுச் சொட்டாகக் கரண்டியில் விழுந்தது. அந்த நாட்களில் பிள்ளைக்குத் தேவைப்படுவதும் அவ்வளவுதான். அந்தச் சில துளிகளைப் பம்பில் எடுத்திருந்தால் மார்பில் வைக்கிற புனலிலும் போத்தலிலும் ஒட்டியே போயிருக்கும். கையால் எடுக்கத் தெரிந்திருந்தது பிறகு பலமுறை என்னைக் காப்பாற்றியது. ஒருநாள் முறிகண்டியில் பஸ் பழுதாகி நின்று மார்பு கல்லாய்க் கட்டினபோது, ஒரு வீட்டில் கேட்டு உள்ளே போய், கையால் எடுத்துத்தான் வலியைத் தணித்தேன்.

மூத்தவளுக்கு இரண்டு மாதம் ஆனபோது கைப்பிடி உள்ள சாதாரணக் கைப் பம்ப் ஒன்றை வவுனியாவில் வாங்கினேன். மோட்டர் இல்லை, குழாய் இல்லை. மொத்தமாய் ஐந்து துண்டுகள், எல்லாவற்றையும் கழற்றிச் சுடுதண்ணியில் அவிக்கலாம். பிள்ளை முதலில் கெதிகெதியாய்ச் சப்பும், பால் இறங்கினதும் நிதானமாய் நீட்டி இழுக்கும். அதைப்போலவே முதல் இரண்டு நிமிடம் சின்னச் சின்ன இழுப்பு, பிறகு நீண்ட இழுப்பு. மெடெலா நிறுவனத்தின் ஹார்மனி போன்ற கைப் பம்புகளில் கைப்பிடியையே இந்த இரண்டு விதத்துக்கும் ஏற்றமாதிரி அமைத்திருக்கிறார்கள். என்னுடையதில் அது இல்லை, கையே பழகிக்கொண்டது.

நான் வேலைக்குத் திரும்பியது 2022 பங்குனியில். அந்த மாதம் நாடு எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. எரிபொருள் வரிசையால் பஸ்சும் நேரத்துக்கு இல்லை. கரண்டில் மட்டும் ஓடுகிற பம்பை நம்பியிருந்தால் என் பிள்ளை பால்மாவுக்குப் போயிருப்பாள், அந்த நேரம் பால்மாவுக்கும் வரிசை. போன் வெளிச்சத்தில், வியர்க்க வியர்க்க, கைப் பம்பால் எடுத்தேன். பம்பைத் தெரிவு செய்கிறபோது கரண்ட் இல்லாத ஒரு இரவை நினைத்துப் பார்க்கவேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

எடுத்த பாலை வைப்பதுதான் வன்னியில் இன்னும் பெரிய வேலை. இப்போது எடுத்த பால் நான்கு மணித்தியாலம் வெளியே இருக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். அது 25 பாகை அல்லது அதற்குக் குறைந்த வெப்பத்துக்கு. பங்குனி, சித்திரையில் எங்கள் தகர வீட்டுக்குள் அந்த 25 எங்கே? நான் வெளியில் வைக்கவே இல்லை, எடுத்த உடனே ஐஸ். அகன்ற வாய் பிளாஸ்க் ஒன்றில் ஐஸ் நிரப்பி, சின்னப் போத்தல்களை அதற்குள் வைத்து மாலையில் கொண்டுவருவேன். ஐஸ் உருகாமல் இருந்தால் குளிர்ப்பெட்டியில் 24 மணித்தியாலம் வரை பால் பழுதாகாது. பிரிஜில் நான்கு நாள், ஆழ்குளிரில் ஆறு மாதம். கரண்ட் போனால் கதவைத் திறக்காத பிரிஜ் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். அதற்கு மேலே போன நாட்களில், முதலே உறைய வைத்த தண்ணீர்ப் போத்தல்களோடு பாலை றெஜிபோம் பெட்டிக்கு மாற்றினோம். அது மீன் யாவாரி ஒருவரிடம் அப்பா கேட்டு வாங்கி, தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்த பெட்டி.

ஒருநாள் நான் வர, அம்மா 120 மில்லிலீற்றர் பாலை வாழையடியில் ஊற்றிவிட்டிருந்தா. "மேல மஞ்சளாப் படிஞ்சு திரைஞ்சு போச்சு பிள்ளை." அது திரையவில்லை. தாய்ப்பாலை வைத்தால் கொழுப்பு மேலே வரும், மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். உறைந்து உருகின பால் சிலருக்குச் சவர்க்கார மணம் போலவும் இருக்கும், அதுவும் பழுதல்ல. அன்று நான் அழுதேன், அம்மாவும் அழுதா. பிள்ளையைப் பார்க்கப்போகிற ஆளுக்கு இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிக் காட்டியிருக்க வேண்டியது நான்தான். பிறகு அம்மா என்னைவிடக் கவனமாகிவிட்டா. போத்தல் சூப்பியே எங்கள் வீட்டில் இல்லை, சின்ன எவர்சில்வர் பேணியாலும் கரண்டியாலும் பருக்கினா. வேலைக்குப் போவதற்கு ஒரு கிழமை முன்னமே இதைப் பழக்கத் தொடங்கினோம்.

எவ்வளவு எடுக்கவேண்டும் என்ற கேள்விக்கு என் கணக்கு இது. ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரையான பிள்ளை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 750 மில்லிலீற்றர் குடிக்கும். அப்படியென்றால் ஒரு மணித்தியாலத்துக்கு முப்பதுக்குச் சற்று மேல். பத்து மணித்தியாலம் நான் இல்லை என்றால் முந்நூறு சொச்சம். முதல் நாள் அலுவலகத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பதுதான் வந்தது. பால் வற்றிவிட்டது என்று பயந்தேன். பம்பில் வருவது மார்பில் இருப்பதன் அளவு அல்ல, பிள்ளை எடுப்பதுபோல எந்தப் பம்பும் எடுக்காது. இரண்டு கிழமையில் ஒரு தடவைக்குத் தொண்ணூறு, நூறு என்று வரத் தொடங்கியது. மகளின் சட்டை ஒன்றைப் பையில் வைத்திருப்பேன். அதை முகர்ந்துகொண்டு எடுத்தால் பால் கெதியாய் இறங்கும்.

அலுவலகத்தில் முதலில் மலசலகூடத்தில் போய் எடுக்கச் சொன்னார்கள். பிள்ளையின் சாப்பாட்டை அங்கே வைத்து எடுக்கமாட்டேன் என்று சொன்னேன். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. வேலைத்தலத்தில் பிள்ளை பராமரிப்பு இடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லையென்றால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். இது மகப்பேற்று நன்மைகள் சட்டத்தில் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்தேன். ஒரு மாதம் இழுபட்டு, பழைய கோப்புகள் வைக்கிற அறை கிடைத்தது. உள்ளே புளக் இல்லை, கொண்டி மட்டும் இருந்தது. எனக்கு அது போதும். எனக்குப் பிறகு வந்த இரண்டு தாய்மாரும் அதே அறையைத்தான் பாவிக்கிறார்கள்.

வேலைக்குத் திரும்பின நான்காவது மாதம் பால் சட்டென்று பாதியானது. முருங்கையிலை, பால்சுறா, சரக்குத்தூள் கறி என்று அம்மா எல்லாம் சமைத்துத் தந்தா. ஒன்றும் மாறவில்லை. கடைசியில் காரணம் என் உடம்பில் இல்லை, பம்பின் வால்வில். வாத்துச் சொண்டு போன்ற அந்தச் சின்ன சிலிக்கன் துண்டின் வாய் சரியாக மூடவில்லை, காற்று ஒழுகியது. எங்கள் கிணற்றுத் தண்ணியில் கேத்தில் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதே, அதே கல் அவிக்க அவிக்க வால்விலும் படிந்திருந்தது. தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணியில் ஊறவைத்துக் கழுவினால் படிவு போகும். ஆனால் தேய்ந்த வால்வுக்கு மாற்றுத்தான் மருந்து. தினமும் பாவித்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். அன்றிலிருந்து நான் அவிப்பது கல் நீக்கி வடிகட்டின தண்ணியில், கொதி வந்து ஐந்து நிமிடம். மேலதிக வால்வு கிடைக்காத பம்பை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.

இளையவனுக்கு, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கிற இரட்டைக் கரண்ட் பம்ப் எடுத்தேன். மூடிய அமைப்பு, போன் சார்ஜரில் ஏறுகிற பற்றரி. கைப் பம்பில் முப்பத்தைந்து நிமிடம் எடுத்தது இதில் பதினைந்து. கை வலி இல்லை. ஆனால் முதல் கிழமையே காம்பு வெடித்து இரத்தம் வந்தது. வேகத்தைக் குறைத்தும் பயன் இல்லை. கூட வந்த புனல் 24 மில்லிமீற்றர். அடிமட்டத்தை வைத்து அளந்தால் என் காம்பின் விட்டம் 17தான். பெரிய புனல் கருவட்டத்தையும் சேர்த்து உள்ளே இழுத்திருக்கிறது. புனலுக்குள் செருகுகிற உள்வளையம் ஒன்றை 19 அளவுக்கு வாங்கிப் போட்டேன், இரண்டு நாளில் புண் ஆறத் தொடங்கியது, பாலும் கூடியது. காம்பு மட்டும் குழாய்க்குள் உரசாமல் போய்வந்தால் அளவு சரி. எந்த நிறுவனத்தின் பம்ப் என்று யோசிப்பதற்கு முதல் இந்த அளவை யோசிக்கவேண்டும் என்பதை இரண்டாவது பிள்ளையில்தான் நான் படித்தேன்.

அந்தப் பம்பின் பற்றரி எட்டாம் மாதம் சோர்ந்துவிட்டது. விற்றவர் மாற்றுப் பற்றரி இல்லை என்றுவிட்டார். பவர் பாங்கில் கொழுவி மிச்ச மாதங்களை ஓட்டினேன். கைப் பம்ப் அந்தக் காலம் முழுவதும் என் பையின் அடியில்தான் இருந்தது, மூன்று வால்வு மாற்றி இன்றும் வேலை செய்கிறது. சட்டைக்குள் வைக்கிற பம்பைச் சிநேகிதி ஒருத்தி பாவித்தாள். குனிந்தால் ஊற்றுகிறது என்றாள், அதற்குமேல் எனக்குச் சொல்ல அனுபவம் இல்லை.

தங்கச்சிக்கு ஒரு பார்சல் கட்டி வைத்திருக்கிறேன். மூடி இறுக்கமான 60 மில்லிலீற்றர் போத்தல் எட்டு, திகதி எழுத ஒட்டுத்தாள், அகன்ற வாய் பிளாஸ்க், என் சின்னப் பேணி, ஒரு அடிமட்டம். பம்ப் வைக்கவில்லை. இப்போது வாங்கினால் பழகிப் பார்ப்போமே என்று மனம் வரும், ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பம்ப் போடக்கூடாது, கருப்பை இறுகத் தொடங்கலாம். பிறந்த பிறகு காம்பின் அளவும் மாறும். கையால் எடுக்கப் பழக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேள், பால் ஊறி வீக்கம் வடிந்தபிறகு அளந்து எனக்குச் சொல் என்று எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அளவு வந்த அன்றே வவுனியாவுக்குப் போய்க் கைப் பம்ப் ஒன்றும் இரண்டு சோடி வால்வும் வாங்கி, நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.