சமையற்கட்டை நீட்ட எடுத்த பெர்மிட்: சில வருடம் புழங்கிய பிறகு

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், பின்பக்கம் நீட்டாத வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெர்மிட் எடுத்து நீட்டியவை அதைவிடக் குறைவு. நாங்கள் எடுத்தோம். அந்தச் சமையற்கட்டில் சில தீபாவளிக்கு முறுக்கும் சுட்டாகிவிட்டது. லாபமா நட்டமா என்று இப்போது நிதானமாகச் சொல்லலாம்: லாபம்தான். ஆனால் மாவட்ட மன்றத்து கவுண்டரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதைவிட நில அலுவலகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டும்.

மலேசியாவின் தென் பேராக்கில், சுற்றிலும் செம்பனை இருக்கும் ஒரு பட்டணம் எங்களுடையது. தாமானில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வெளியேறி மலிவு விலை வீடு வாங்கியவர்கள். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருந்தபோது பின்னால் நாலு கட்டை நட்டுத் தகரம் போட்டால் அதுதான் குசினி. வீடு கம்பெனியுடையது, கேட்க வேண்டியவர் தோட்ட மேலாளரான தொரை ஒருவர்தான். அந்தப் பழக்கம் அப்படியே தாமானுக்கும் வந்துவிட்டது. இங்கே வீடு நம்முடையது, அதனால் கேட்கவே வேண்டாம் என்று நினைக்கிறார்கள். சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70-ஆம் பிரிவுப்படி, மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது. இருக்கிற வீட்டை நீட்டுவதும் அதில் அடக்கம்.

மன்றம் கேட்ட பட்டியல் சாதாரணமானதுதான்: பிளான், கிராண்டு (நில உரிமைப் பத்திரம்) நகல், ஐசி (அடையாள அட்டை) நகல், நில வரி ரசீது, மதிப்பீட்டு வரி ரசீது, பக்கத்து வீட்டுக்காரர்களின் சம்மதக் கடிதம். கிராண்டில்தான் வண்டி நின்றது. அது இறந்துபோன அப்பாவின் பெயரில் இருந்தது. விண்ணப்பத்தில் உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும். உயில் இல்லை. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் யார்தான் எழுதி வைக்கிறார்கள்?

சரி, முதலில் பூசாக்கா, அதாவது இறந்தவர் சொத்தை வாரிசுகளுக்கு மாற்றும் வேலை. உயில் இல்லாத சிறிய சொத்து என்றால் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி நில அலுவலகத்திலேயே விசாரித்துப் பெயர் மாற்றலாம், கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம். இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. எங்கள் பங்கையெல்லாம் அம்மாவுக்கே விட்டுக்கொடுப்பது என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம். அதில் சண்டை இல்லை. வம்பு எழுத்துகளில் வந்தது. தோட்டத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா, எழுதிக்கொடுத்த பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, ஐசியில் வேறு மாதிரி, கிராண்டில் இன்னொரு மாதிரி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டியதாயிற்று.

அடுத்து அம்மாவின் கல்யாணப் பத்திரம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியவர்களிடம் பத்திரம் எங்கே இருக்கும்? முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த கல்யாணமும் செல்லும். இது கவுண்டரில் இருந்த இளம் பெண்ணுக்குத் தெரியவில்லை, உள்ளே இருந்த அதிகாரிக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் இன்னொரு சத்தியப் பிரமாணமும் போதும் என்றார். விசாரணை நாளுக்கு சிங்கப்பூரில் இருக்கும் தம்பி லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி வந்தான். பெர்மிட்டுக்கு ஆன காலத்தைவிட இதற்கு ஆன காலம்தான் அதிகம். ஆகவே வீட்டை நீட்டுகிற எண்ணம் இல்லாவிட்டாலும், கிராண்டு யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

பிளான் போட ஆர்க்கிடெக்ட் தேவையில்லை. இரண்டு மாடி, 300 சதுர மீட்டருக்குள் என்றால் ஆர்க்கிடெக்ட் வாரியத்தில் பதிவு பெற்ற பிளான் வரைஞரே போதும். எங்களுக்கு அமைந்தவர் நல்ல மனிதர், கொஞ்சம் பிடிவாதக்காரர். நாங்கள் கேட்டது பின்சுவர் வரைக்கும் முழுக்க மூடிய சமையற்கட்டு. அவர் முடியாது என்றார். பின் படுக்கையறையின் ஒரே ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கிறது. 1984-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள்படி அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வெளிச்சம் வரும் ஜன்னல் இருக்க வேண்டும், அதில் பாதியளவாவது காற்றுக்குத் திறக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே கூரை போட்டு மூடிவிட்டால் அந்தக் கணக்கு போயிற்று. நடுவில் வானம் பார்த்த காற்றுவெளி விடலாம் என்றால், அதற்குக் குறைந்தது 7 சதுர மீட்டர் வேண்டும். எங்கள் வீட்டில் அது ஒரு அறையையே விழுங்கிவிடும். கடைசியில் சமையற்கட்டை ஒரு பக்கம் ஒதுக்கி, ஜன்னலுக்கு நேராகப் பின்சுவர் வரை கூரை இல்லாத ஒரு பாதையாக விட்டார்.

அம்மாவுக்கு அப்போது கோபம். "காசு கொடுத்துக் கட்டுறோம், பாதியைத் திறந்து போட்டா எப்படி?" என்றார். இன்றைக்கு வீட்டிலேயே அவருக்குப் பிடித்த இடம் அதுதான். துணி காய்கிறது, கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது, மீன் பொரித்த வாடை அறைக்குள் தங்குவதில்லை. முழுக்க மூடிக் கட்டிய வீடுகளில் பட்டப்பகலில் லைட் எரிகிறது, அறைச் சுவரில் கறுப்புப் பூஞ்சை. குறையும் உண்டு. சாயங்காலம் காற்றோடு மழை அடித்தால் சாரல் அடுப்பு வரை வரும். மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டுவிடலாம் என்று வருகிற ஒவ்வொரு கண்டிராக்டரும் சொல்கிறார். போட்டால் பிளானும் வீடும் ஒன்றாக இருக்காது. போடவில்லை.

சம்மதக் கடிதத்தில் ஒரு பக்கம் சுலபம். இடப்பக்கத்து மக்சிக் (மலாய்க்கார அம்மா) கையெழுத்துப் போட்டுக் கையோடு ஒரு பாக்கெட் கெரோப்போக் அப்பளமும் கொடுத்தனுப்பினார். வலப்பக்கத்தில் இருப்பவர்கள் வாடகைக்காரர்கள், அவர்கள் கையெழுத்து செல்லாது. உரிமையாளரைத் தேடிப் பிடித்து, மழைத்தண்ணீர் அவர் பக்கம் விழாது, பொதுச் சுவரில் பீம் ஏற்ற மாட்டோம் என்று பிளானில் காட்டிய பிறகுதான் போட்டார். நியாயமான கேள்விகள்தான் கேட்டார்.

அதற்குப் பின் மன்றத்தில் நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு திருத்தம் கேட்டார்கள், செய்தோம், கடிதம் வந்தது. மன்றத்தில் கட்டிய வைப்புத்தொகையை மட்டும் மறந்துவிடாதீர்கள். கால்வாயில் சிமெண்டு, ரோட்டில் மணல் இல்லாமல் வேலையை முடித்தால் அது திரும்பி வரும். பலர் ரசீதைத் தொலைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். புது வீடே கட்டுகிறவர்களுக்கு இன்னொன்று: வீட்டில் குடியேறலாம் என்ற சி.எஃப். சான்றிதழை 2007 முதல் மன்றம் தருவதில்லை. அதற்குப் பதிலாகப் பிளானைச் சமர்ப்பித்தவரே சி.சி.சி. என்ற சான்றிதழைக் கொடுக்கிறார். ஆகவே ஆளைப் பார்த்துப் பிடியுங்கள்.

பெர்மிட்டின் பலன் பிறகுதான் தெரிந்தது. பின்சந்தின் கால்வாய் அடைத்துத் தண்ணீர் ஏறியபோது யாரோ புகார் கொடுக்க, அதிகாரிகள் வரிசையாக எல்லா வீட்டுக்கும் வந்தார்கள். கால்வாய்மேல் கட்டியவர்களுக்கு நோட்டீஸ். எங்களிடம் பிளானை வாங்கிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள். அப்புறம் தங்கையின் தொழிலுக்காக வீட்டின்மேல் கடன் கேட்டபோது, வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் முதலில் கேட்டதும் அந்த பிளானைத்தான். நீட்டிய பகுதியையும் மதிப்பில் சேர்த்தார். பெர்மிட் இல்லாத பகுதியை வழக்கமாகச் சேர்ப்பதில்லை என்றார்.

நட்டக் கணக்கில் மதிப்பீட்டு வரி உயர்ந்ததை எழுத வேண்டும். பெர்மிட் எடுத்தால் வீடு பெரிதானது மன்றத்துக்குத் தெரிந்துவிடும், வரியும் ஏறும். எடுக்காத பக்கத்து வரிசைக்காரர்கள் பழைய வரியையே கட்டுகிறார்கள், அதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்கிறது.

போன வாரம் கோடி வீட்டு அக்காவின் மகன் எங்கள் பிளானை நகலெடுக்கக் கேட்டு வந்தான். கொடுத்தேன். அவனுடையது கார்னர் லாட், பக்கவாட்டிலும் ஜன்னல் உண்டு. எங்களுக்குப் போட்ட கணக்கு அவனுக்குத் தேவைப்படாது. கிராண்டு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். தாத்தா பெயரில் என்றான்.