பிசிபிஏ களப்பயிற்சிப் படிவம்: பேனாவா, ஸ்டைலஸா, டாக்குசைனா?

பிசிபிஏ (Board Certified Behavior Analyst, நடத்தைப் பகுப்பாய்வாளர்) சான்றிதழுக்காகக் களப்பயிற்சி செய்பவர்கள் பயிற்சி மணிகளைக் கணக்கிடுவதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூடக் கையொப்பத்தில் காட்டுவதில்லை. மாதாந்திரச் சரிபார்ப்புப் படிவத்தில் டிரெய்னி ஒரு கையொப்பம், சூப்பர்வைசர் ஒரு கையொப்பம், அவ்வளவுதானே என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த மாத மணிகள் கணக்கில் சேருமா சேராதா என்பதை அந்த இரண்டு கையொப்பங்களும் அவற்றின் தேதியும்தான் முடிவு செய்கின்றன.

சான்றிதழ் வாரியத்தின் 2022 விதிகளின்படி மொத்தம் 2,000 மணி நேரம் வேண்டும். தீவிர மேற்பார்வை வகை என்றால் 1,500. ஒரு மாதத்துக்குக் குறைந்தது 20, அதிகபட்சம் 130 மணி. எவ்வளவு வேகமாக முடித்தாலும் 2,000 மணிக்கு 16 மாதம், அதாவது 16 படிவம். அனுமதிக்கப்பட்ட ஐந்து ஆண்டுகளையும் எடுத்துக்கொள்பவரிடம் 60 வரை சேரும். ஒரு மாதத்துப் படிவத்தில் அடுத்த மாதத்தின் கடைசி நாளுக்குள் இருவரும் கையொப்பமிட்டிருக்க வேண்டும். மார்ச் மாதப் படிவம் என்றால் ஏப்ரல் 30.

விண்ணப்பத்தோடு போவது இறுதிச் சரிபார்ப்புப் படிவம். மாதப் படிவங்கள் உங்களிடமே இருக்கும். வாரியம் தணிக்கைக்கு அழைத்தால் மட்டும் காட்ட வேண்டும். கடைசி மேற்பார்வைக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டுகள் டிரெய்னியும் சூப்பர்வைசரும் அவற்றைப் பாதுகாக்க வேண்டும். ஆக, கையொப்பம் போடும் நாளில் எது வசதி என்பதை வைத்து முறையைத் தேர்ந்தெடுப்பது தவறு. சூப்பர்வைசர் வேறு வேலைக்குப் போய், நிறுவனமும் கைமாறிய பிறகு, 'இது எந்த நாளில் போட்ட கையொப்பம்' என்ற கேள்விக்கு எது பதில் சொல்லும் என்று பார்க்க வேண்டும். அந்த உரைகல்லில் டாக்குசைன், அடோபி சைன் போன்ற மின்கையொப்பச் சேவைதான் முன்னால் நிற்கிறது. ஒரு நிபந்தனை உண்டு; அது பின்னால்.

முதலில் பேனா. கணக்கு வேண்டாம், சந்தா வேண்டாம். இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்தால் இதைவிட எளிய வழி கிடையாது. பத்து ஆண்டு கழித்தும் திறந்து பார்க்க எந்த மென்பொருளும் தேவையில்லை. குறை தேதியில்தான் இருக்கிறது. கையால் எழுதிய '4/28' என்பது அன்றைக்கு எழுதியதா, ஜூனில் உட்கார்ந்து எழுதியதா என்று தாள் சொல்லாது. ஆறு மாதப் படிவங்களைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் பழைய தேதி போட்டுக் கையொப்பமிடும் பழக்கம் தாளில்தான் தழைக்கிறது. அது பொய் ஆவணம். டிரெய்னியின் மணிகளோடு சூப்பர்வைசரின் சான்றிதழுக்கும் ஆபத்து. தொலைவழி மேற்பார்வை என்றால் அச்சிட்டு, கையொப்பமிட்டு, ஸ்கேன் செய்து, மறுபடி அச்சிட்டு என்று ஒரு சுற்று. இரண்டாவது சுற்றிலேயே எழுத்து மங்கிவிடும். செல்போனில் எடுத்த படத்தில் அடியோரம் வெட்டுப்பட்டால் தேதிக் கட்டமே காணாமல் போகும். பேனாதான் என்று முடிவெடுத்தால் தட்டை ஸ்கேனரில் 300 டிபிஐ வைத்து முழுப் பக்கமும் எடுங்கள். மூலத் தாளையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஐபேடில் ஸ்டைலஸால் எழுதுவது பேனாவின் தம்பி. அண்ணனுடைய குறை அப்படியே இவனுக்கும் உண்டு, கூடவே ஒன்று: ஒருமுறை சேமித்த கையொப்பப் படத்தைப் பல செயலிகள் ஒவ்வொரு படிவத்திலும் தாமாகவே ஒட்டிக்கொடுக்கும். பதினாறு படிவத்திலும் ஒரே சுழி, ஒரே வளைவு. வெட்டி ஒட்டிய கையொப்பம் என்று அதை எடுத்துக்கொண்டால் மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதச் சொல்லுங்கள். பெயரைத் தட்டச்சு செய்து சாய்வெழுத்தாக்கி அதையே கையொப்பம் என்று வைப்பதைப் பேசவே வேண்டாம்.

அடோபியின் அக்ரோபாட் மென்பொருளில் நாமே உருவாக்கும் டிஜிட்டல் ஐடி, அதாவது கையொப்பமிடுபவர் யார் என்று காட்டும் மின்சான்று, மூன்றாவது வழி. தொழில்நுட்பக்காரர்கள் இதைத்தான் சொல்வார்கள்; செலவும் இல்லை. பூட்டு வலுவானது: கையொப்பத்துக்குப் பிறகு மணி நேரம் எழுதும் கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினாலும் கையொப்பப் பலகம் காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்தச் சான்றைக் கொடுத்தவரும் நீங்களே. வேறொருவர் கணினியில் திறந்தால் செல்லுபடி தெரியவில்லை என்றே வரும். நேரமும் உங்கள் கணினிக் கடிகாரத்திலிருந்து வருவது; வெளி நேரமுத்திரைச் சேவையகத்தைத் தனியாக இணைக்காவிட்டால் பேனாத் தேதிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அந்த ஐடி சேமிக்கப்பட்டிருக்கும் பிஎஃப்எக்ஸ் கோப்பின் கடவுச்சொல் மறந்தால் மீட்க வழியில்லை. பழைய கையொப்பங்கள் அப்படியே இருக்கும், புதிதாக மட்டும் போட முடியாது. பலர் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. முதலில் கையொப்பமிடுபவர் 'கையொப்பத்துக்குப் பின் ஆவணத்தைப் பூட்டு' என்ற பெட்டியில் டிக் போட்டுவிட்டால் அடுத்தவர் கையொப்பமிடவே முடியாது, மறுபடி முதலிலிருந்து.

இனி டாக்குசைன். படிவம் எப்போது அனுப்பப்பட்டது, யார் எப்போது திறந்தார், எப்போது கையொப்பமிட்டார், எந்த மின்னஞ்சல், எந்த ஐபி முகவரி என்று எல்லாம் நிறைவுச் சான்றிதழ் என்ற தனிப் பக்கத்தில் பதிவாகிறது. நேரம் சேவையின் கடிகாரத்திலிருந்து வருவதால் ஜூனில் உட்கார்ந்து ஏப்ரல் தேதி போட முடியாது. அந்தக் கண்டிப்புக்காகவே இதை எடுக்கலாம். ஒன்று கவனியுங்கள்: இது தரும் ஆயத்தக் கையொப்பமும் பார்வைக்குத் தட்டச்சு எழுத்துதான். அதைச் சுற்றியுள்ள சட்டகமும் உறை எண்ணும்தான் (ஒருமுறை அனுப்பும் ஆவணத்தை டாக்குசைன் 'உறை' என்கிறது) அதைக் கையொப்பமாக்குகின்றன. அவை விடுபட்ட நகல் கையில் இருந்து பயனில்லை. சந்தேகம் இருந்தால் எழுத்துருவுக்குப் பதில் வரைந்தே போடலாம்.

இப்போது அந்த நிபந்தனை. கணக்கு பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரில் இருக்கும். பழைய உறைகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை அந்தக் கணக்கின் நிர்வாகிதான் தீர்மானிக்கிறார். நீங்கள் வேலையை விட்ட அன்றே அலுவலக மின்னஞ்சல் மூடப்படும். அதற்கு வந்த இணைப்பும் அத்தோடு போகும். சேவை வைத்திருக்கும் என்ற நம்பிக்கையில் இருக்காமல், இருவரும் கையொப்பமிட்ட அன்றே படிவம், நிறைவுச் சான்றிதழ் இரண்டையும் இறக்கி, ஆண்டு-மாதம்-சூப்பர்வைசர் பெயர் என்ற வரிசையில் பெயரிட்டு, உங்கள் சொந்த இடத்தில் இரண்டு பிரதி வையுங்கள். கோப்பின் பெயரை மாற்றினால், ஆவணம் மாறவில்லை என்று காட்டும் மின்முத்திரை கெடாது. டிரைவில் ஏற்றி இறக்கினாலும் கெடாது. பிடிஎஃப்பை மறுபடி 'பிரிண்ட்' கொடுத்துச் சேமித்தால் கெடும். பதினாறையும் ஒரே கோப்பாக ஒட்டினால் கெடும். மேக் கணினியின் பிரிவியூவில் ஏதாவது குறித்துச் சேமித்தாலும் கெடும். தொகுத்துக் காட்ட வேண்டுமானால் அதற்கென்று ஒரு நகல் எடுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

அனுப்புவதற்கு முன் கணக்கை ஒருமுறை சரிபாருங்கள். 2,000 மணி வகையில் மாத மணிகளில் குறைந்தது 5 சதவீதம் மேற்பார்வை இருக்க வேண்டும்; 130 மணிக்கு அது 6.5 மணி. நடந்தது 6 மணிதான் என்றால் 120 மணிக்கே அது தாங்கும். தனியாகச் செய்த மணிகளைக் குறைத்துப் போட வேண்டும். இருவரும் கையொப்பமிட்டு முடிந்த உறையில் ஒரு எண்ணையும் திருத்த முடியாது. புது உறைதான், அதற்கும் அதே கடைசி நாள்தான். அதனால் மாதம் முடிந்த முதல் வாரத்திலேயே அனுப்புவது நல்லது. நினைவூட்டலைத் தானாக அனுப்பும் வசதியை நாம்தான் இயக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒன்று போதும். சூப்பர்வைசர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செலவைப் பொறுத்தவரை, டாக்குசைனின் தனிநபர் திட்டத்தில் மாதம் 5 உறைதான். ஐந்து டிரெய்னி வரை உள்ள சூப்பர்வைசருக்கு மாதப் படிவம் மட்டும் என்றால் அது போதும், அதுவும் ஒன்றுகூடத் தப்பாகாத வரை. பெரிய நிறுவனங்களின் கணக்கு வேறு. அங்கே இந்த ஒப்பீட்டின் விலைப் பகுதி பொருந்தாது. ஏற்கத்தக்க கையொப்பங்கள் பற்றிய விதியும் அவ்வப்போது திருத்தப்படுவதுதான். அதனால் எந்த முறையைத் தொடங்கும் முன்பும் சான்றிதழ் வாரியத்தின் நடப்புக் கையேட்டில் அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

பாதி மாதங்கள் பேனாவில் முடிந்துவிட்டன, இனி மாறலாமா என்றால் தாராளமாக மாறலாம். மாதத்துக்கு மாதம் முறை வேறுபடுவதால் குற்றமில்லை. பழைய தாள்களை மட்டும் 'ஒரே மாதிரி இருக்கட்டும்' என்று டாக்குசைனில் ஏற்றி மறுபடி கையொப்பம் வாங்காதீர்கள். இன்றைய தேதி விழும். கெடுவுக்குள் ஒழுங்காகப் போட்டிருந்த கையொப்பத்துக்குப் பக்கத்தில், கெடு தாண்டிப் போட்ட ஒன்றை நீங்களே உருவாக்கி வைத்ததாகிவிடும்.