ஆவணம் தீர்ந்த இடத்தில்: மூன்று வழிகள்

வரலாற்றைக் கதைபோலச் சொல்லும் அபுனைவில், ஆவணம் கைகொடுக்கும் வரை சிக்கலே இல்லை. இறந்துபோனவர் கடைசி நிமிடத்தில் என்ன நினைத்தார், பூட்டிய அறைக்குள் என்ன நடந்தது என்று வரும்போதுதான் எழுத்தாளர் திண்டாடுவார். அந்த இடத்தை மூன்று பேர் மூன்று விதமாகக் கடந்திருக்கிறார்கள்.

எரிக் லார்சன் ‘தி டெவில் இன் தி ஒயிட் சிட்டி’யில் (2003), மேற்கோள் குறிக்குள் வரும் பேச்செல்லாம் கடிதம், நினைவுக்குறிப்பு போன்ற எழுத்து ஆவணங்களில் இருந்தவை என்று முன்பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் புத்தகம் பேசும் தொடர்கொலையாளி ஹோம்ஸ் செய்த கொலைகளை நேரில் பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. கிடைத்த தடயங்களை வைத்துச் சில காட்சிகளைத் தாமே ஊகித்து அமைத்ததை அவர் புத்தகத்தின் பின்குறிப்பில்தான் விளக்குகிறார். அதற்குள் காட்சி மனதில் உட்கார்ந்துவிடுகிறது. பின்குறிப்பு வரை போகிறவர்கள் எத்தனை பேர்?

ட்ரூமன் கபோட்டி அதுகூடச் செய்யவில்லை. 1959-இல் கான்சாஸில் கிளட்டர் குடும்பத்தினர் நான்கு பேர் கொல்லப்பட்டதை எழுதிய ‘இன் கோல்ட் பிளட்’, உண்மைக் கதை என்ற உறுதியோடுதான் வந்தது. கடைசிக் காட்சியில் புலனாய்வு அதிகாரி ஆல்வின் டூயி, கல்லறைத் தோட்டத்தில், கொல்லப்பட்ட நான்சி கிளட்டரின் தோழியைச் சந்திக்கிறார். இளம்பெண்ணாக வளர்ந்திருக்கும் அவள் பேசிவிட்டு விடைபெறுகிறாள். பின்னால் கோதுமை வயலில் காற்று. படிக்கும்போது நெஞ்சு கனத்துப்போகும். அப்படியொரு சந்திப்பு நடக்கவே இல்லை என்று பின்னர் தெரியவந்தது. எனக்கு அது தெரிந்த பிறகு, முன்பு ரசித்த உரையாடல்களையெல்லாம் திரும்பப் போய்ச் சந்தேகத்தோடு படிக்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் கொலையாளிகள் இருவரும் 1965 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட இடத்துக்கே கபோட்டி போயிருந்தார். உண்மையான முடிவு கையிலேயே இருந்தது.

செபாஸ்டியன் யுங்கருக்கு அந்த வசதியும் இல்லை. 1991 அக்டோபர் கடைசியில் ஆண்ட்ரியா கெயில் என்ற மீன்பிடிப் படகு ஆறு பேரோடு அட்லாண்டிக்கில் மறைந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை, உடல்களும் கிடைக்கவில்லை. ‘தி பெர்ஃபெக்ட் ஸ்டார்ம்’ (1997) எழுதும்போது, தெரியாத உரையாடலைக் கற்பனை செய்வதில்லை என்று முடிவெடுத்து, அதை முன்னுரையிலேயே சொல்கிறார். அப்புறம் எப்படி எழுதினார்? அதேபோன்ற ஆபத்தில் சிக்கித் தப்பியவர்களிடம் கேட்டார். மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் உடல் எந்தக் கட்டத்தில் தன்னையறியாமல் தண்ணீரை உள்ளிழுக்கும் என்பதை மருத்துவம் சொல்கிறபடி எழுதினார். ‘இப்படி இருந்திருக்கலாம்’ என்பது அந்தப் பக்கத்திலேயே வாசகருக்குத் தெரிகிறது. ஆனாலும் படிக்கிறவருக்கு மூச்சு முட்டுகிறது.

இந்த வழியில் இழப்பு உண்டு. படகில் இருந்த ஆறு பேரும் ஒரு கட்டத்துக்குமேல் மங்கிவிடுகிறார்கள். 2000-இல் வந்த திரைப்படம் அந்த வெற்றிடத்தை நடிகர்களையும் வசனத்தையும் வைத்து நிரப்பியது. படகின் தலைவரது குடும்பத்தார் அதை எதிர்த்து வழக்குப் போட்டுத் தோற்றார்கள். எனக்குப் புத்தகம்தான் பெரிது. அந்தப் படகில் யார் கடைசியாக என்ன சொன்னார் என்பது புத்தகத்தை மூடும்போதும் நமக்குத் தெரியாது. கரையில் காத்திருந்தவர்களுக்கும் அது தெரியாது.