60 சிசி செயின்சா: சில வருடம் ஓட்டிய பிறகு

செயின்சா வாங்கப் போகிறவர்கள் கேட்பதெல்லாம் எத்தனை சிசி, எத்தனை இன்ச் பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு) என்பதுதான். என்னிடம் இருப்பது 60 சிசி வகுப்பு, 18 இன்ச் பார், 3/8 இன்ச் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி) செயின். விழுந்த மரத்தைத் துண்டு போடுவது, விறகு அறுப்பது, எப்போதாவது நிற்கிற மரத்தைச் சாய்ப்பது என்று சில வருடமாக ஓடுகிறது. இப்போது யாராவது யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது, "மெஷினைக் கழற்றி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள்" என்பதுதான். தொழில்முறை மெஷினுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது சக்திக்காக மட்டும் இல்லை, ரிப்பேர் பார்க்கிற வசதிக்காகவும்தான்.

என்னுடையதில் கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) மெக்னீசியம் வார்ப்பு. பார் மூடியின் நட்டுகள் மூடியோடே ஒட்டியிருப்பதால் காட்டுக்குள் புல்லில் விழுந்து தொலையாது. செயினை முறுக்கும் ஸ்க்ரூ பக்கவாட்டில் இருக்கிறது. ஆயில் பம்பைக் கூட்டிக் குறைக்கலாம். ஸ்ப்ராக்கெட் (செயினை இழுத்து ஓட்டுகிற பல்சக்கரம்) வளையம் தனியாக வரும், ஒரு சின்ன கிளிப்பைத் தட்டிவிட்டால் போதும். வீட்டு உபயோக மாடல்கள் பலவற்றில் இவற்றில் பாதி இருக்காது. குறையும் உண்டு. பார், செயின், பெட்ரோல் எல்லாம் சேர்த்துத் தூக்கினால் மதியத்துக்குள் தோள் வலிக்கும். சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு உடனே ஸ்டார்ட் செய்தால் சில நாள் அடம் பிடிக்கும். சும்மா வைத்தால் பார் ஆயில் கசிந்து அடியில் வட்டம் போடும். இந்த வகை மெஷின்களில் இது சாதாரணம்தான், அடியில் ஒரு அட்டையைப் போட்டுவிடுகிறேன்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அரம் போடத் தெரியாதவர் கையில் எந்த மெஷினும் ஆபத்துதான். கூரான செயின் தானாக மரத்துக்குள் இறங்கும். நாம் பிடித்துக்கொண்டால் போதும். மழுங்கிய செயினை நாம் அழுத்துகிறோம். அழுத்தும்போது உடம்பின் எடை மெஷின் மேல் சாய்கிறது. அறுப்பு முடிகிற நொடியில் அந்த எடைக்குத் தாங்கல் இல்லாமல் போய், ஓடுகிற செயின் நம் கால் பக்கம் வரும். அறுக்கும்போது விழுவதைப் பாருங்கள். தடித்த சீவல் விழுந்தால் செயின் நன்றாக இருக்கிறது. மாவு போலத் தூள் பறந்தால் உடனே நிறுத்தி அரத்தை எடுக்க வேண்டும்.

பல்லைக் கண்ணாலும் பார்க்கலாம். வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தால் மழுங்கிய பல்லின் விளிம்பில் நூல் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு மின்னும். அது மடிந்துபோன விளிம்பு. கூரான விளிம்பு அப்படி மின்னாது. அந்தக் கோடு மறையும் வரை அரம் போட வேண்டும், அதற்கு மேல் ஒரு இழுப்பும் வேண்டாம். 3/8 செயினுக்கு 5.2 அல்லது 5.5 மிமீ உருண்டை அரம் (செயின் தயாரிப்பாளர் எதைச் சொல்கிறாரோ அது), .325 செயினுக்கு 4.8 மிமீ. பல்லின் மேல் தட்டின் கோணம் பெரும்பாலான செயினில் 30 டிகிரி. அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேலே தெரிய வேண்டும். உள்ளிருந்து வெளியே தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் அதே எண்ணிக்கை. முன்னும் பின்னும் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும்.

இதெல்லாம் பலருக்கும் தெரியும். தெரியாதது பல்லுக்கு முன்னால் இருக்கிற சின்ன மேடு, அதாவது டெப்த் கேஜ். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல்லின் மேல் தட்டு பின்பக்கமாகச் சரிந்திருப்பதால், அரம் போடப் போட பல் நீளத்தோடு உயரமும் குறைகிறது. மேடு மட்டும் அப்படியே நிற்கும். நாலைந்து முறை அரம் போட்ட பிறகு பல் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தைச் சரியாகக் கடிக்காது. "அரம் போட்டேன், இன்னும் வெட்டவில்லை" என்கிற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பல்லுக்கும் மேட்டுக்கும் உயர வித்தியாசம் 3/8 செயினில் சுமார் 0.65 மிமீ. அதற்கென்று சின்னத் தகடு விற்கிறது, செயின் மேல் வைத்து வெளியே துருத்துவதைத் தட்டை அரத்தால் தேய்த்து, முன் ஓரத்தை உருட்டிவிட வேண்டும். கண் அளவில் தேய்க்கவே கூடாது. அதிகமாகத் தேய்த்துவிட்டால் பல் மரத்தை வெட்டாமல் கவ்வும். மெஷின் குலுங்கும், கிக்பேக் (பார் திடீரென்று நம் பக்கம் எகிறுவது) ஆபத்து கூடும்.

இடையில் ஒரு சின்னக் கதை. முதல் காலத்துச் செயின்களில் பல் சாதாரண ரம்பம் மாதிரி நேராக இருந்தது, மரத்தைப் பிறாண்டியது. 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு வண்டின் புழு கட்டையை இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்துப் போவதைக் கவனித்து, இடப் பல், வலப் பல் என்று வளைந்த பற்கள் கொண்ட செயினைச் செய்தார். இன்று நாம் மாட்டுகிற செயின் அதன் வாரிசுதான். அதனால்தான் ஒரு பக்கத்துப் பற்கள் குட்டையாகிவிட்டால் அறுப்பு வளைந்து போகிறது. இரண்டு பக்கமும் சமமாக இருந்தும் வளைந்தால் கோளாறு பாரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாருக்குத் தனி கவனிப்பு வேண்டும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் நான் தலைகீழாக மாற்றி மாட்டுகிறேன், இல்லையென்றால் அடிப்பக்கம் மட்டும் தேயும். பள்ளத்தில் ஆயிலும் தூளும் சேர்ந்து களிமண் மாதிரி இறுகிவிடும். அதை மெல்லிய தகட்டால் சுரண்டி, ஆயில் ஓட்டையைக் குத்திவிட வேண்டும். ஓரங்களில் எழும்புகிற பிசிறு கையைக் கிழிக்கிற அளவுக்கு இருக்கும், தட்டை அரத்தால் தட்டிவிடலாம். ஆயில் வருகிறதா என்று பார்க்க, பார் நுனியை வெளிர் நிறக் கட்டைக்குக் கொஞ்சம் மேலே பிடித்து ஆக்சிலேட்டர் கொடுங்கள். கட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும். கழிவு இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது செயினில் ஒட்டாது, உள்ளே இரும்புத்துகள் வேறு, அது தெறிப்பது நம் மேல்தான். அந்தச் சிக்கனம் எனக்குப் பிடிக்கவில்லை.

செயின் சூடாகும்போது நீளும், தொங்கும், இடையில் முறுக்க வேண்டி வரும். ஆனால் வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். சூட்டில் முறுக்கிய செயின் ஆறும்போது சுருங்கி கிராங்க் ஷாஃப்ட்டையும் பேரிங்கையும் இழுக்கும். நான் இரண்டு செயினை மாற்றி மாற்றி ஓட்டுகிறேன், ஸ்ப்ராக்கெட்டோடு சேர்ந்தே தேயட்டும் என்று. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினை மாட்டினால் புதுச் செயின்தான் கெடும்.

கிக்பேக் பற்றி. பார் நுனியின் மேல் கால்வட்டம் எதிலாவது பட்டால் பார் மேல்நோக்கி நம் முகத்துக்கு வரும். சுதாரிக்க நேரம் இருக்காது. அதனால் தடுப்பெல்லாம் முன்கூட்டியே. இடது கை கட்டைவிரல் முன் கைப்பிடியைச் சுற்றி இறுகப் பிடித்திருக்க வேண்டும். செயின் ஓடுகிற கோட்டுக்கு இடப்பக்கம் தள்ளி நிற்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது. நுனிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வெட்டக் கூடாது. செயினை நிறுத்துகிற பிரேக்கை வேலை தொடங்கும் முன் இரண்டு விதமாகச் சோதிக்கிறேன். ஒன்று, ஓடும்போது இடது மணிக்கட்டால், முன் கைப்பிடிக்கு முன்னால் இருக்கிற தடுப்பைத் தள்ளினால் செயின் சட்டென்று நிற்க வேண்டும். இரண்டாவது, இன்ஜினை அணைத்து, பிரேக்கை விடுவித்து, பின் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு பார் நுனியை ஒரு அடிமரத்தின் மேல் விழ விடுவது. அந்த அதிர்ச்சியிலேயே பிரேக் தானாக விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்று வேலை இல்லை, பிரேக் பட்டையில் தூள் அடைத்திருக்கும்.

ஸ்டார்ட் செய்யும்போது பிரேக் போட்டு, தரையில் வைத்து, பின் கைப்பிடிக்குள் வலது காலை மிதித்து, இடது கையால் முன் கைப்பிடியை அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். கையில் தொங்கவிட்டு இழுப்பது பார்க்க வீரமாக இருக்கும், அவ்வளவுதான். செயின்சா பேண்ட்டில் நீளமான இழைகள் அடுக்கியிருக்கும். செயின் பட்டதும் அவை உருவிக்கொண்டு போய் ஸ்ப்ராக்கெட்டில் சிக்கி செயினை நிறுத்தும். ஒருமுறை வெட்டுப்பட்டதைத் தைத்துப் போடக்கூடாது. சத்தம் 100 டெசிபெல்லுக்கு மேல், காது மூடி இல்லாமல் ஒரு கிளைகூட வேண்டாம்.

விழுந்த மரம் படுத்துவிட்டதால் சாதுவாகிவிடவில்லை. இரண்டு முனையும் தாங்கலில் இருந்து நடுவே தொங்கினால் மேல்பக்கம் நெருக்கத்தில் இருக்கும், அடிப்பக்கம் இழுவையில். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு மீதியைக் கீழிருந்து. ஒரு முனை அந்தரத்தில் நின்றால் நேர்மாறு, முதலில் கீழே. மாற்றிச் செய்தால் பார் சிக்கும், இல்லையென்றால் கட்டை பிளந்து உதைக்கும். வில் போல வளைந்து சிக்கியிருக்கிற இளங்கிளைகள்தான் எனக்கு இன்றும் பயம். நிற்கிற மரம் சாய்ப்பது தனிப் பாடம், தெரிந்தவரோடு நின்று கற்க வேண்டியது. மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பெட்ரோல் கலவை 50:1, அதாவது லிட்டருக்கு 20 மிலி டூ-ஸ்ட்ரோக் ஆயில். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. நீண்ட நாள் ஓட்டாமல் வைப்பதென்றால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைக்கிறேன். ஏர் ஃபில்டர் வேலை முடிந்ததும் தட்டி, அழுக்கானால் சோப்பு வெந்நீரில் கழுவல். ஐடிலில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) செயின் நகரக் கூடாது. ஐடில் திடீரென்று தானே ஏறினாலோ, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் இறங்க நேரம் எடுத்தாலோ ஸ்க்ரூவைத் திருகிச் சமாளிக்காதீர்கள். எங்கோ காற்று உள்ளே இழுக்கிறது, பெட்ரோலோடு போகிற ஆயிலும் குறைகிறது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பழைய மெஷின் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் அந்த பிஸ்டன்தான் பதில். சைலன்ஸரைக் கழற்றச் சொல்லுங்கள், இரண்டு மூன்று போல்ட்தான். எக்ஸாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்து, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்து பிஸ்டனின் பக்கவாட்டைப் பாருங்கள். மழமழவென்று இருந்தால் பேரம் பேசலாம். மேலிருந்து கீழாகக் கீறல் ஓடியிருந்தால், வெளியே எவ்வளவு பளபளவென்று துடைத்து வைத்திருந்தாலும் வாங்க வேண்டாம். கழற்ற மாட்டேன் என்று விற்பவர் சொன்னாலும் அப்படியே.