கணுக்காலுக்கு எந்த டேப்? மலைச்சரிவில் நெடுநாள் ஒட்டிப் பார்த்த அனுபவம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு மேற்பார்வை வேலை. பகல் முழுக்கச் சரிவில் ஏறி இறங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால்பந்து. இடது கணுக்கால் பல வருடங்களுக்கு முன்பே நன்றாகப் பிரண்டு, அதிலிருந்து ஒரு சின்னக் கல் உருண்டாலும் பாதம் உள்பக்கமாக மடங்கிவிடுகிறது. அதனால் டேப் ஒட்டாமல் மைதானத்தில் இறங்குவதில்லை. கோயம்புத்தூரில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒட்டும் முறையைக் கற்றுக்கொண்டேன். இப்போது டீம் பையன்களுக்கும் ஆட்டத்துக்கு முன் நான்தான் ஒட்டிவிடுகிறேன். கடைகளில் கிடைக்கும் வகைகளில் பெரும்பாலானவற்றைப் பயன்படுத்திப் பார்த்தபின் ஒன்று தெளிவாகிவிட்டது: எந்தக் கம்பெனி என்பது பெரிய விஷயமே இல்லை. என்ன வேலைக்கு எந்த வகை என்பது முதலில். அடுத்தது, நம் ஊர்க் குளிரிலும் ஈரத்திலும் அது தோலைப் பிடிக்குமா என்பது.

மெடிக்கலில் ‘சுளுக்குக்குக் கட்ட ஏதாவது கொடுங்க’ என்றால் கிரேப் பேண்டேஜைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அதில் தப்பில்லை. அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் வீக்கத்தை அமுக்கி வைக்க அதுதான் சரி. விரல் பக்கம் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றி, காலைத் தலையணை மேல் தூக்கி வைக்க வேண்டும். ஆனால் கிரேப் கட்டிக்கொண்டு ஆட இறங்குவது வீண். பத்து நிமிட ஓட்டத்தில் நழுவி பூட்ஸுக்குள் சுருண்டுவிடும்.

மூட்டை உண்மையிலேயே பிடித்து நிறுத்துவது வெள்ளைத் துணியில் வரும் சிங்க் ஆக்சைடு டேப். நீளவாக்கில் துளியும் இழுபடாது, அதன் பலமே அதுதான். கணுக்காலுக்கு 38 மில்லிமீட்டர் அகலம். 50 எடுத்தால் குதிகால் வளைவில் மடிப்பு விழும், அந்த மடிப்பு கொப்புளமாகும். வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள், ரம்பப் பல் போல வெட்டியிருந்தால் கையாலேயே கிழிக்கலாம். 13.7 மீட்டர் ரோலில் மூன்று நான்கு கணுக்கால் ஒட்டலாம். கொஞ்சம் இழுத்துப் பார்த்து சீராகப் பிரிகிறதா என்றும் பாருங்கள். பிசின் பழசாகிவிட்ட ரோல் திணறித் திணறி வரும், கடைசிச் சுற்றுகளில் துணியே கிழியும்.

ஒட்டும்போது பாதம் காலோடு 90 பாகையில் நிற்க வேண்டும். விரல் கீழே தொங்கினால் ஒட்டியதெல்லாம் பாழ். முதலில் கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு வளையம், அது நங்கூரம். அதிலிருந்து உள்பக்கமாக இறங்கி, குதிகாலுக்கு அடியில் போய், வெளிப்பக்கமாக மேலே இழுத்து ஒட்டும் பட்டைகள் மூன்று, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறியபடி. இழுக்கும் திசை முக்கியம். பாதம் உள்ளே மடங்கும்போது நைந்துபோவது வெளிப்பக்கத் தசைநார், அதற்குத் துணையாகத்தான் வெளிப்பக்கமாக இழுக்கிறோம். பிறகு குதிகாலைப் பூட்டும் சுற்று. முடித்ததும் பெருவிரல் நகத்தை அமுக்கிவிட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். வராவிட்டால் எவ்வளவு அழகாக ஒட்டியிருந்தாலும் பிரித்துவிடுங்கள்.

இந்த டேப்பும் சாசுவதம் அல்ல. இருபது முப்பது நிமிடம் ஓடியதும் இறுக்கம் கணிசமாகக் குறைந்துவிடும். இடைவேளையில் ஒரு பட்டை கூடுதலாகப் போடுவது அதனால்தான். ஆனாலும் பயன் போய்விடுவதில்லை. முன்பே பிரண்ட காலுக்கு டேப்போ, கணுக்காலில் மாட்டிக்கொள்ளும் பிரேஸ் என்ற உறையோ போட்டால் மறுபடி பிரளும் வாய்ப்பு குறைகிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகவே வந்திருக்கிறது.

இனி மலைக்கே உரிய தொல்லை. நம் வீடுகளில் எந்த வலிக்கும் முதலில் கை போவது தைலப் பாட்டிலுக்கு. யூகலிப்டஸ் தைலமோ விண்டர்கிரீன் எண்ணெயோ தேய்த்த காலில் எந்த டேப்பும் நிற்காது. அதைவிடப் பெரிய ஆபத்து, தைலத்தை உள்ளே வைத்து மேலே மூடினால் தோல் எரிந்து புண்ணாகும். ஆட்ட நாளில் தைலம் வேண்டவே வேண்டாம் என்று பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் அழுத்தித் துடைத்து, முழுக்கக் காய்ந்தபிறகுதான் ரோலைத் தொடுவேன்.

குளிரிலும் பிசின் விறைத்துவிடும். ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்தில் காலை ஆட்டம் என்றால் ரோலைப் பையில் விடாமல் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு போகிறேன். ஒட்டிய பிறகு உள்ளங்கையால் ஒரு நிமிடம் பொத்திப் பிடித்தால் உடம்புச் சூட்டில் இளகித் தோலைக் கவ்வும். அக்டோபர், நவம்பர் மழையில் வெளியே நனைவதைக்கூடத் தாங்கும். ஒட்டும் நேரத்தில் தோலில் ஈரம் இருந்தால்தான் தாங்காது. முடியை மழிப்பதென்றால் முதல்நாளே மழித்துவிட வேண்டும். அன்றே மழித்தால் எரியும். சிலருக்குப் பிசினே ஒத்துக்கொள்ளாமல் சிவந்து அரிக்கும். அவர்களுக்கு லேடெக்ஸ் இல்லாத ரகம், அடியில் மெல்லிய நுரை அண்டர்ராப்.

“அண்ணா, டிவில வர்றாங்களே, அந்தக் கலர் டேப்பு ஒட்டிவிடுங்கண்ணா” என்று எப்போதும் ஒரு பையன் கேட்பான். “அது காலைப் புடிச்சு நிறுத்தாதுடா தம்பி” என்பதுதான் என் பதில். கினீசியாலஜி டேப் எனும் அது ஜப்பானில் கென்சோ காசே 1970களில் உருவாக்கியது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்க பீச் வாலிபால் வீராங்கனை கெர்ரி வால்ஷின் தோளில் பார்த்தபிறகு உலகமே அதன் பின்னால் ஓடியது. ரப்பர் போல இழுபடும் பொருள் ஒரு மூட்டை மடங்காமல் எப்படித் தடுக்கும்? கெண்டைச்சதை வலிக்கு ஒட்டிப் பார்த்தேன், கொஞ்சம் இதமாக இருந்தது. அந்த இதத்துக்கு மேல் எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

இறக்கத்தில் முழங்கால் சிப்பியைச் சுற்றி வலிக்கிறதே, இங்கே பாதிப் பேருக்கு உள்ள வலி, அதற்கு வேறு முறை. சிப்பியை லேசாக உள்பக்கம் நகர்த்தி விறைப்பான டேப்பால் நிறுத்துவது. 1980களில் ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ஜென்னி மெக்கானல் பரப்பியது. சரியாக ஒட்டினால் படி இறங்கும்போதே வித்தியாசம் தெரியும். ஆனால் நேரில் ஒருவர் கைபிடித்துக் காட்டாமல் இதை முயல வேண்டாம். வாலிபாலில் அடிபட்ட விரலுக்கு 25 மில்லிமீட்டர் டேப் போதும். பக்கத்து விரலோடு, நடுவே பஞ்சு வைத்து, மூட்டை விட்டுவிட்டு ஒட்டுங்கள்.

பிரிக்கும்போது வெடுக்கென்று பிடுங்காதீர்கள். ஓரத்தில் தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒரு கையால் தோலை அமுக்கிக்கொண்டு, டேப்பைத் தோலோடு ஒட்டினாற்போல் பின்பக்கம் மடித்து இழுக்க வேண்டும். இங்கே எண்ணெய் உறைந்துதான் இருக்கும், கட்டியாகவே எடுத்துத் தேய்க்கலாம்.

புதிதாகப் பிரண்ட காலுக்கு டேப் ஒட்டி ஆட அனுப்புவதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறேன். நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அமுக்கினால் வலித்தாலோ எக்ஸ்ரே வேண்டும். கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் வகுத்த விதியில் உள்ளது அது. எலும்பா தசைநாரா என்று தெரியாமல் சுளுக்கு எடுக்கிறவரிடம் உருவிவிடப் போவது ஆபத்து.

வாரம் ஒரு ஆட்டம் என்றால் சிங்க் ஆக்சைடு டேப்பைப் போல வேறில்லை. தினமும் பயிற்சி உள்ள பையன்களுக்கு மட்டும் இப்போது நாடா கட்டும் கணுக்கால் பிரேஸ் வாங்கச் சொல்கிறேன். முதலில் விலை உறுத்தும், ரோல் ரோலாக வாங்கும் செலவோடு பார்த்தால் மிச்சம்தான். பூட்ஸ் கொஞ்சம் இறுக்கும், அதனால் கடைக்குப் போகும்போது பூட்ஸையும் எடுத்துப் போய்ப் போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.