நல்ல ஐஸ் பெட்டியும் நாசமாய்ப் போன அடைப்பானும்

டாம்பாவில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "உங்களிடம் இருக்கிறதே அந்தப் பெரிய ஐஸ் பெட்டி, இப்போது விலை நன்றாக இறங்கியிருக்கிறது. வாங்கலாமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நேற்றுதான் மறுபடியும் கார் டிக்கியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

கொள்ளளவு, எடை, சுவரின் தடிமன் எல்லாம் விளம்பரத்திலேயே இருக்கின்றன, அவற்றை விட்டுவிடுகிறேன். நான் இந்தப் பெட்டியை வைத்திருப்பது ஒரே ஒரு மீனுக்காக, மாஹி மாஹிக்காக. ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் ஐலமொராடாவிலிருந்து, நண்பர்கள் பங்குக்கு வைத்திருக்கும் 24 அடிப் படகில் கோடை முழுக்கப் போவோம். பவளத்திட்டைத் தாண்டிப் போகப் போகத் தண்ணீர் பச்சையை விட்டுக் கருநீலமாகும். கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் அங்கேதான் ஓடுகிறது. சர்காசம் பாசி மஞ்சள் கோடாக மிதந்து வரும். அதன் நிழலில் குஞ்சு மீன்களும் நண்டுகளும் ஒதுங்க, அவற்றைத் தின்ன மாஹி வரும். மேலே வால் பிளந்த கரிய கடற்பறவை வட்டமிட்டால் இன்னும் நல்ல சகுனம். முரல் வகையைச் சேர்ந்த பாலிஹூவை முள்ளில் கோத்து, படகை மெல்ல ஓட்டியபடி இழுத்துப் போவோம். சிறு மாஹிகள் கூட்டமாக வந்தால், மாட்டிய முதல் மீனை ஏற்றாமல் தண்ணீரிலேயே வைத்திருப்போம். அது அங்கே இருக்கும் வரை கூட்டமும் படகை விட்டு நகராது.

பெட்டியின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மாஹி படகில் ஏறியும் அடங்காத மீன். கொக்கித்தடியிலிருந்து நேராகப் பெட்டிக்குள் தள்ளி, மூடியை அறைந்து சாத்தி, ஒருவர் அதன் மேல் ஏறி உட்கார வேண்டும். உள்ளே அது அடிக்கிற அடி தொடையில் தெரியும். சத்தம் ஓய்ந்த பிறகு திறந்தால், பொன்னும் பச்சையும் நீலமுமாக ஏறிய மீன் நிறம் வெளிறிக் கிடக்கும், வெள்ளைச் சுவரெல்லாம் ரத்தம் தெறித்திருக்கும். இத்தனை கோடைகளாக இந்த அடியையும், என் எடையையும், உப்புக் காற்றையும் இந்தப் பெட்டியின் கீல்கள் தாங்கி வந்திருக்கின்றன. ஒரு திருகாணிகூடத் தளரவில்லை. மூடியில் அங்குலக் கோடுகள் பதித்திருப்பதும் நல்ல யோசனை. ஃபுளோரிடாவின் அட்லாண்டிக் பக்கத்தில், வால் பிளவு வரை 20 அங்குலம் இல்லாத மாஹியைத் திரும்பக் கடலில் விட்டாக வேண்டும். 2022இல் மாநில எல்லைக்குட்பட்ட நீரில் ஆளுக்குப் பத்து என்றிருந்ததை ஐந்தாகவும் குறைத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. ஐந்து மாஹியைத் தின்று தீர்க்க எங்கள் தெருவே திரண்டு வர வேண்டும்.

ஐஸ் நிற்பதைப் பற்றிச் சொல்லத் தேவையே இல்லை. பாதி ஐஸ், பாதி கடல்நீர் என்று கலந்து வைப்போம். வெறும் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் காற்று நிற்கும், குழம்பாகக் கரைத்த ஐஸ் மீனை எல்லாப் பக்கமும் தொடும். உப்புநீர் என்பதால் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே போகும். மாஹிக்கு இது ஆடம்பரமல்ல. பிடித்த பிறகு வெயிலில் கிடந்தால் இந்த மீனின் சதையில் பாக்டீரியாவால் ஹிஸ்டமின் உண்டாகிறது. அதன் பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பு எழும்பி, பாவம், சாப்பிட்டவர் மசாலாவைக் குற்றம் சொல்வார்.

பெட்டியின் அருமை அடுப்படியில் இன்னும் நன்றாகத் தெரியும். மாஹி வஞ்சிரம் அல்ல. வஞ்சிரத்தில் கொழுப்பு உண்டு, கூடக் குறைய வெந்தாலும் பொறுத்துக்கொள்ளும். மாஹியில் கொழுப்பு குறைவு, ஒரு நிமிடம் அதிகமானால் சக்கைதான். தோல் தடித்தது, ஒரு முனையைக் கீறித் துணியால் பற்றி இழுத்தால் முழுசாக உரிந்து வரும். நடுவில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையையும் நீக்கிவிட வேண்டும், கவிச்சியெல்லாம் அதில்தான். வறுவலுக்கு மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் அரிசிமாவு போதும். இரும்புக் கல் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டு, ஒரே ஒரு தடவை திருப்ப வேண்டும். குழம்பென்றால் புளியும் மாங்காயும் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகே மீன் இறங்க வேண்டும். துறையில் மீன் அறுப்பவர் சதையை மட்டும் வழித்துக் கொடுத்துவிட்டு எலும்பை வீசிவிடுவார். நான் பக்கத்தில் நின்று துண்டம் போடச் சொல்வேன். ஆண் மீனின் சுவர் போன்ற நெற்றி பார்க்கத்தான் பிரமாதம், கரண்டிக்கு அங்கே ஒன்றும் அகப்படாது. கன்னமும் செவுளுக்குப் பின்னால் உள்ள சதையும்தான் தலையை வீட்டுக்குக் கொண்டுவரக் காரணம். ஐஸ் குழம்பில் கிடந்த மீனின் துண்டு, மறுநாள் குழம்பைச் சூடு பண்ணினாலும் உடைவதில்லை. பழைய மெல்லிய பெட்டியில் வந்த மீன் முதல் கொதியிலேயே கரைந்துவிடும்.

இவ்வளவையும் சரியாகச் செய்தவர்களுக்கு ஓர் அடைப்பான் செய்யத் தெரியவில்லை.

பெட்டியின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வடிய ஒரு துளை. அதற்கு மரை போட்ட பிளாஸ்டிக் அடைப்பான், உள்ளே ஒரு ரப்பர் வாஷர். கோட்டைச் சுவர் எழுப்பிவிட்டு வாசலுக்குத் தட்டி கட்டியது மாதிரி. முதல் கோடை முடியும் முன்பே வெயிலிலும் உப்பிலும் வாஷர் விறைத்துவிட்டது. மரையில் ஒரு சின்னச் செதில் சிக்கினாலும் போதும், இறுக்க இறுக்கக் கோணலாக ஏறும். கடலில் இருக்கும்போது இதனால் உப்புநீர் சொட்டுச் சொட்டாகக் குறைந்து, மேலே கிடக்கும் மீன் ஐஸை விட்டு வெளியே தெரியும். அதையாவது ஒரு வாளி கடல்நீரால் சரிசெய்யலாம். காரில் என்ன செய்வது? அந்தத் துளை தரைமட்டத்தில் இல்லை, ஒரு விரல் கனம் உயரத்தில் இருக்கிறது. துறையில் எவ்வளவு சாய்த்து வடித்தாலும் கொஞ்சம் ரத்தநீர் உள்ளேயே தங்கும். ஐஸ் கரையக் கரைய அது ஏறி, ஃபோர்ட் லாடர்டேல் வரும் இரண்டு மணி நேரப் பயணத்தில் டிக்கி விரிப்புக்குள் இறங்கிவிடும். அடுத்த நாள் ஃபுளோரிடா வெயிலில் நின்ற காரின் கதவைத் திறந்து பார்க்க வேண்டும்! என் மனைவி அந்தக் காரில் கோயிலுக்கு வர மறுக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

நிறுவனத்துக்கு எழுதினேன். படம் கேட்டார்கள், அனுப்பினேன். மரியாதையாகப் பேசி, காசு வாங்காமல் புதிய அடைப்பான் அனுப்பினார்கள். அதே பிளாஸ்டிக், அதே வாஷர். அடுத்த ஆண்டு மறுபடியும் அதே கதை, அதே மரியாதை. இலவசமாகக் கொடுக்கிறவர்களைத் திட்டக்கூடாதுதான், ஆனால் மாற்றாமல் அனுப்பிக்கொண்டே இருப்பதற்கும் ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். கடைசியில் குழாய்ச் சாமான் கடையில் ஒரு டாலருக்கும் குறைவாகக் கிடைத்த தடித்த வாஷரும், மரையைச் சுற்றிக் குழாய்க்காரர்கள் சுற்றும் வெள்ளை நாடாவும்தான் கைகொடுத்தன. நேற்றுவரை.

நண்பருக்கு எழுதிய பதில் இதுதான்: வாங்காதீர்கள், இன்னும் நூறு டாலர் குறைத்தாலும் வாங்காதீர்கள். வரும் சனிக்கிழமை கடலுக்கு வருவதாக இருந்தால் ஐஸுக்குக் கவலை வேண்டாம், என் பெட்டியில் எல்லார் மீனுக்கும் இடமிருக்கிறது. திரும்பும்போது அதை உங்கள் காரில் ஏற்றிக்கொள்ளலாம்.