குளிரில் நகரும் தயக்கக் கண்ணி: மூன்று மாங்கனீசுக் கலவைகள்

கோபால்ட் அல்லது பெர்மலாய் (நிக்கல்–இரும்புக் கலவை) மென்படலத்தோடு ஒரு மாங்கனீசுக் கலவையை ஒட்டி வளர்த்து, காந்தப் புலத்தில் வைத்தே குளிர்வித்தால், தயக்கக் கண்ணி (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாதல் வரையும் மூடிய வளைவு) பூஜ்யப் புலத்தை விட்டு நகர்ந்துவிடும். வழக்கமாக நகர்வது, குளிர்வித்த புலத்துக்கு எதிர்ப்பக்கம். எக்ஸ்சேஞ்ச் பயஸ் எனப்படும் இதை 1956-ல் மெய்கிள்ஜானும் பீனும் ஆக்சைடு மூடிய கோபால்ட் துகள்களில் கண்டார்கள். மாங்கனீசோடு இரும்பைச் சேர்ப்பதா, இரிடியத்தையா, செம்பையா?

இரும்பு–மாங்கனீசை (சம அளவு) இன்று புதிதாகத் தேர்ந்தெடுக்கக் காரணம் குறைவு. அடியில் செம்போ பெர்மலாயோ இல்லாவிட்டால் சரியான படிக அமைப்பு வராது. டான்டலம் மூடி இல்லாவிட்டால் சீக்கிரம் ஆக்சைடாகும். பயஸும் சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே போய்விடும்.

இரிடியம் 20, மாங்கனீசு 80 என்ற கலவை சுமார் 250 டிகிரி வரை தாங்கும். நிலையான பயஸ் வேண்டுமென்றால் இதுதான். குளிரில் வினோதம் பார்க்க வேண்டுமென்றால் தடிமனை 2–3 நானோமீட்டருக்குக் குறையுங்கள். அறை வெப்பநிலையில் கண்ணி நகராது. குளிரக் குளிர, சின்னச் சின்னப் படிகத் துணுக்குகளின் காந்தத் திசை ஒவ்வொன்றாக உறைந்து, நகர்வு தலைகாட்டும். அது தொடங்கும் இடத்தை ஒட்டியே கண்ணி மிக அகலமாக இருக்கும். 10 நானோமீட்டர் படலத்தை கிரையோஸ்டாட்டில் (குளிர்விக்கும் கலத்தில்) 300 கெல்வினிலிருந்து குளிர்விப்பது பலரும் செய்யும் தவறு. ஏற்கெனவே உறைந்த துணுக்குகள் பழைய திசையிலேயே நிற்கும். முதலில் வெற்றிடத்தில், புலத்தோடு, 250 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். அதிக நேரம் வைத்தால் மாங்கனீசு பக்கத்து அடுக்குக்குள் ஊடுருவிவிடும்.

செம்பு–மாங்கனீசு வேறு இனம். அணுக் காந்தங்கள் மாறி மாறி எதிரெதிராக நிற்கும் ஒழுங்கான எதிர் பெர்ரோ காந்தம் அல்ல, அவை ஒழுங்கின்றி உறையும் ஸ்பின் கிளாஸ். மாங்கனீசு 1 சதவீதம் என்றால் சுமார் 10 கெல்வினிலும், 5 சதவீதம் என்றால் 30 கெல்வினை ஒட்டியும் உறையும். படலம் மெலிந்தால் இன்னும் கீழே. சூடாக்கும் வேலையே இல்லை, 300 கெல்வினிலிருந்து குளிர்வித்தால் போதும். ஆனால் குளிர்விக்கும் வேகமும் காத்திருக்கும் நேரமும் விடையை மாற்றும், ஆகவே எல்லா அளவீட்டிலும் ஒன்றாகவே வையுங்கள். இதன் உண்மையான கவர்ச்சி, பயஸ் மறையும் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே கண்ணி குளிர்வித்த புலத்தின் பக்கமே நகர்வதுதான். கோபால்ட் மீது இது 2007-ல் வெளியானது. குளிர் இயற்பியலுக்கு என் தேர்வு இதுவே.

அந்தத் தலைகீழ் நகர்வை நம்புமுன், புலம் தரும் காந்தத்தைச் சோதியுங்கள். 5 டெஸ்லாவில் குளிர்வித்துவிட்டுச் சிறிய புலங்களில் கண்ணி எடுத்தால், மீகடத்திச் சுருளில் 10–30 ஓர்ஸ்டெட் (10,000 ஓர்ஸ்டெட் ஒரு டெஸ்லாவுக்குச் சமம்) புலம் தங்கிவிடும். அது பெரும்பாலும் எதிர்த்திசையில் இருப்பதால், கண்ணி அச்சாக அதே தலைகீழ் நகர்வைக் காட்டும். எதிர்ப்புலத்தில் குளிர்வித்துப் பார்த்தாலும் பிடிபடாது, தங்கும் புலமும் கூடவே திரும்பிவிடும். 1 அல்லது 2 கிலோ ஓர்ஸ்டெட்டிலேயே குளிர்வியுங்கள், கோபால்டை நிறைவுறச் செய்ய அது போதும். பிறகு அதே புல வரிசையை ஒரு பல்லேடியம் துண்டில் ஓட்டுங்கள். அதற்குத் தயக்கம் கிடையாது, அதன் கோடு அச்சை வெட்டும் இடமே உண்மையான பூஜ்யம்.